கண் நீர் அழுத்த நோய்: எஞ்சியுள்ள பார்வையைக் காக்கும் சிகிச்சை

கண் நீர் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமா, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோயாகும். இந்நோயால் இழந்த பார்வையை இன்றைய மருத்துவத்தால் மீட்டுத் தர இயலாது. ஆனால், எஞ்சியிருக்கும் பார்வையைப் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் காத்துத் தர இயலும். இவ்விரண்டு செய்திகளையும் ஒருசேரப் புரிந்துகொள்வதே சிகிச்சையின் முதற்படி.

புறநோயாளிகள் பிரிவில் கண் மருத்துவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "ஆறு மாதமாகச் சொட்டு மருந்து விடுகிறேன், பார்வை கொஞ்சமும் கூடவில்லையே, பிறகு எதற்கு இந்த மருந்து?" நியாயமான கேள்விதான். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கட்டுப் பிரித்ததும் தெளிவாகப் பார்க்கிறார். அதைத் தம் வீட்டிலும் தெருவிலும் கண்டவர்கள், கண் சிகிச்சை என்றாலே பார்வை கூட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. குளுக்கோமா சிகிச்சையில் பார்வை கூடுவதில்லை, இருந்தபடியே இருக்கும். அவ்வாறு இருந்தபடியே இருப்பதுதான் சிகிச்சையின் பலன். மருந்தை நிறுத்தினாலும் மறுநாளே எந்த மாற்றமும் தெரியாது. மாதங்களும் ஆண்டுகளும் கழித்தே இழப்பு புலப்படும்; புலப்படும் நேரத்தில் அதைத் திரும்பப் பெற வழியிருக்காது. மருந்தை நிறுத்திவிட்டுப் பார்வையிழந்து திரும்பி வருவோர் பலரும் இந்த இடைவெளியில் ஏமாந்தவர்களே.

மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த கண் மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் உதவும் வகையில் இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. அத்தகைய மருத்துவமனைகளில் சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெறுகின்றன. ஏன் இத்தனை பரிசோதனைகள், ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் பார்க்கிறார்கள், ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்டால் என்ன செய்வது என்னும் ஐயங்களுக்கு இங்கே விடை காணலாம்.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

முதலில் பெயரால் வரும் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். கண் நீர் என்பது அழும்போது வழியும் கண்ணீர் அன்று. விழிக்கு உள்ளே, அதன் முன்பகுதியில், தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழிக்கும் லென்ஸுக்கும் ஊட்டமளித்த பின், கருவிழியும் ஐரிஸ் என்னும் நிறத்திரையும் சந்திக்கும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக அது வடிந்து இரத்தத்தில் கலந்துவிடும். சுரப்பும் வடிதலும் சமமாக இருக்கும்வரை விழியினுள் அழுத்தம் சீராக இருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் உயரும்.

கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உள்ளன. அழுத்தத்தைத் தாங்க இயலாத இழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையே முதலில் பாதிக்கப்படும். நடுப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருக்கும். ஒரு கண்ணில் விடுபடுவதை மறு கண் ஈடுசெய்துவிடும். விடுபட்ட இடத்தை மூளையும் நிரப்பிக்கொள்ளும். ஆகவே, செய்தித்தாள் படிக்க முடிகிறது, ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்பதால் கண்ணில் நோயில்லை என்று முடிவு செய்ய இயலாது. படியிறங்கும்போது தடுமாறுதல், பக்கத்தில் வரும் வண்டியைக் கவனிக்காமை, எதிரே வருபவர்மீது மோதிக்கொள்ளுதல் ஆகியவை, நோய் கணிசமாக முற்றிய பின்னரே தோன்றும் அறிகுறிகள்.

பெரியவர்களின் கண் நீர் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். ஆயினும் இந்த எல்லைக்குள் அழுத்தம் உள்ள சிலருக்கும் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. 21-ஐத் தாண்டிய சிலருக்கு நரம்பு நலமாக இருப்பதும் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது.

நோயின் வகைகள்

திறந்த கோண வகை: வடிகோணம் திறந்தே இருக்கும், சல்லடைத் திசுவின் வழியே நீர் வடிவது மட்டும் குறைந்துவிடும். வலியோ சிவப்போ இராது. பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும்.

மூடிய கோண வகை: ஐரிஸ் முன்னோக்கித் தள்ளப்பட்டு வடிகோணத்தை அடைத்துவிடும். பெரும்பாலானோருக்கு இதுவும் மெதுவாகவே வளரும். சிலருக்குத் திடீரெனக் கோணம் முழுவதும் அடைபட்டு, கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிதல் ஆகியவை உண்டாகும். இதனைப் பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் கருதி வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. இது சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தேவைப்படும் அவசர நிலை.

பிறவி வகை: பிறந்த குழந்தைக்கும் இந்நோய் வரலாம். கண் பெரிதாக இருத்தல், கருவிழி மங்கலாக இருத்தல், ஓயாமல் நீர் வடிதல், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மறுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். "குழந்தைக்கு எவ்வளவு பெரிய, அழகான கண்கள்!" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் நரம்பு அழிந்துகொண்டிருக்கலாம். நெருங்கிய உறவுக்குள் மணம் புரிந்த பெற்றோரின் குழந்தைகளிடம் இதற்கான வாய்ப்பு கூடுதல். இதற்கு அறுவைச் சிகிச்சையே முதன்மைச் சிகிச்சை, காலந்தாழ்த்துதல் கூடாது.

ஸ்டீராய்டு மருந்தால் வரும் வகை: கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைத் தொடர்ந்து பயன்படுத்துவோரில் சிலருக்குக் கண் நீர் அழுத்தம் பெரிதும் உயரும். ஒவ்வாமையால் கண் அரிக்கும் பள்ளிக் குழந்தைகளுக்குப் பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் அதே மருந்தை வாங்கி விடுவது பெரும் தீங்கில் முடியலாம். இது நம்மால் முற்றிலும் தடுக்கக்கூடிய வகை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

யாரெல்லாம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

40 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் கண்ணாடி மாற்றும்போது கண் நீர் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடும். ஆகவே உங்களுக்கு நோய் உறுதியானால், உங்கள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, பிள்ளைகள் அனைவரையும் பரிசோதனைக்கு அனுப்புவது உங்கள் கடமை. கண்ணில் அடிபட்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், கிட்டப்பார்வைக்கு அதிக பவருள்ள கண்ணாடி அணிவோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் செய்யப்படும் பரிசோதனைகள்

முதல் வருகைக்கு அரை நாளேனும் ஒதுக்கி, துணைக்கு ஒருவருடன் வருவது நல்லது. கண்பாவையை விரிக்கும் மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று வண்டி ஓட்டக்கூடாது. பழைய சீட்டுகள், பயன்படுத்தும் மருந்துப் புட்டிகள், முந்தைய பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் கொண்டு வர வேண்டும்.

கண் நீர் அழுத்தம்: கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை இட்டு, கருவிழியை மெல்லத் தொட்டு அளப்பர். வலி இராது. அழுத்தம் ஒரே நாளில் ஏறி இறங்கும் என்பதால் வெவ்வேறு நேரங்களில் அளக்க நேரிடலாம்.

கருவிழியின் தடிமன்: மெல்லிய கருவிழி உள்ளவருக்கு அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகவும், தடித்த கருவிழி உள்ளவருக்குக் கூடுதலாகவும் காட்டும். அதைச் சரியாகக் கணிக்க இந்த அளவு தேவை.

கோணச் சோதனை: கண்ணாடி பதித்த சிறு லென்ஸ் ஒன்றைக் கண்மீது வைத்து வடிகோணத்தை நேரில் பார்ப்பர். நோய் எந்த வகை என்பதை முடிவு செய்வது இச்சோதனையே. வகை மாறினால் சிகிச்சையும் மாறும். ஆகவே இதைத் தவிர்க்க வேண்டாம்.

பார்வை நரம்புச் சோதனை: கண்ணுக்குள் நரம்பு தொடங்கும் தட்டில் நடுவே ஒரு குழிவு இருக்கும். இழைகள் மடிய மடியக் குழிவு பெரிதாகும். இதை மருத்துவர் நேரில் பார்ப்பதோடு, படமெடுத்தும் வைப்பர். ஓ.சி.டி. என்னும் கருவி, நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரான் அளவில் அளந்து காட்டும்.

பார்வைப் பரப்புச் சோதனை: மருத்துவமனைகளில் இதை 'ஃபீல்டு டெஸ்ட்' என்று அழைப்பர். ஒரு கண்ணை மறைத்துவிட்டு, மறு கண்ணால் நடுப்புள்ளியை உற்றுநோக்கியபடி, ஆங்காங்கே தோன்றும் சிறு ஒளியைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பல ஒளிகள் வேண்டுமென்றே மிக மங்கலாகக் காட்டப்படும். எல்லாவற்றையும் எவராலும் காண இயலாது. எனவே பதற்றம் வேண்டாம். முதன்முறை செய்யும்போது தவறுகள் நேர்வது இயல்பு. பழகிய பின் கிடைக்கும் முடிவே நம்பத்தகுந்தது. அதனால்தான் இச்சோதனையைக் குறுகிய காலத்தில் இரண்டு மூன்று முறை செய்யச் சொல்வர். சோர்வாகவோ தூக்கக் கலக்கமாகவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு நாள் அறிக்கை நோயின் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். நோய் நின்றிருக்கிறதா, நகர்கிறதா என்பதை அறிய, பல ஆண்டு அறிக்கைகளை அடுக்கி ஒப்பிட வேண்டும். உங்கள் கோப்பு உங்கள் மருந்தைப் போலவே மதிப்புடையது. அதைத் தொலைத்துவிட்டு வேறிடத்தில் புதிதாகத் தொடங்கினால், ஒப்பிட எதுவும் இராது.

சிகிச்சை முறைகள்

எல்லாச் சிகிச்சைகளின் நோக்கமும் ஒன்றே: நரம்பு தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்தல். ஒவ்வொருவரின் நரம்பு நிலை, வயது, தொடக்க அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் ஓர் இலக்கு அழுத்தத்தை நிர்ணயிப்பார். "என் இலக்கு எவ்வளவு? இன்று எவ்வளவு இருக்கிறது?" என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்துகள்: லேடனோபிராஸ்ட் முதலிய மருந்துகள் நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில் இடப்படுகின்றன. கண் சிவத்தல், இமை முடி நீளுதல், இமையைச் சுற்றிய தோல் கருத்தல் ஆகியவை இவற்றால் நேரலாம். டிமோலால் மருந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையும், இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கு மயக்கத்தையும் உண்டாக்கலாம். கண்ணில் விடும் மருந்துதானே என்று எண்ணாமல், உங்களுக்குள்ள மற்ற நோய்களையும், கருவுற்றிருந்தால் அதையும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரைமோனிடின் சிலருக்குத் தூக்கத்தையும் ஒவ்வாமையையும் தரும். கைக்குழந்தைகளுக்கு இதைத் தரக்கூடாது. டார்சோலமைடு எரிச்சலையும் வாயில் கசப்பையும் தரலாம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று மருந்து உண்டு. தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

லேசர்: மூடிய கோண வகைக்கு ஐரிஸில் லேசரால் மிகச் சிறிய துளையிட்டு நீர் செல்ல மாற்றுவழி அமைப்பர். திறந்த கோண வகையில் சல்லடைத் திசுவின்மீது லேசர் செலுத்தி வடிகாலைச் சீராக்குவர். இரண்டும் புறநோயாளிகள் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். லேசருக்குப் பின்னும் தொடர் பரிசோதனை தேவை.

அறுவைச் சிகிச்சை: மருந்தும் லேசரும் போதாதபோது, வெண்விழியில் மெல்லிய மடிப்பொன்றின் கீழ் சிறு வழி திறந்து, நீர் மேலிமைக்கு உட்புறம் வடியுமாறு செய்வர். இது டிரபெக்குலெக்டமி எனப்படும். சிலருக்குச் சிறு குழாய் பொருத்தப்படும். மூடிய கோண வகையினர் பலருக்குக் கண்புரை லென்ஸை நீக்குவதே கோணத்தைத் திறந்துவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்களில் அடிக்கடி வரச் சொல்வர்; தழும்பு வளர்ந்து வழி அடைபடாமல் காப்பது அந்த நாள்களில்தான். அந்த வருகைகளைத் தவறவிடலாகாது.

சொட்டு மருந்து இடும் முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
2. தலையைப் பின்னோக்கிச் சாய்த்து, கீழிமையை விரலால் மெல்ல இழுத்துப் பை போலாக்குங்கள்.
3. புட்டியின் நுனி கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் தங்காது.
4. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரம் உள்ள கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கும் இரத்தத்துக்கும் செல்வது இதனால் குறையும்.
5. இரண்டாவது மருந்து இருந்தால் குறைந்தது ஐந்து நிமிடம் கழித்து இடுங்கள்.
6. திறந்த தேதியைப் புட்டியின்மீது எழுதி வையுங்கள். பெரும்பாலான புட்டிகளைத் திறந்த ஒரு மாதத்துக்குப் பின் பயன்படுத்தக்கூடாது. குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டிய மருந்தா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

பரிசோதனைக்கு வரும் நாளன்றும் வழக்கம்போல் மருந்தை இட்டுவிட்டே வர வேண்டும். வருகைக்கு முந்தைய சில நாள்கள் மட்டும் ஒழுங்காக விட்டால் அன்றைய அழுத்தம் சரியாகவே இருக்கும், நரம்போ தேய்ந்துகொண்டிருக்கும். மருந்து விடுபட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மருந்து பலனளிக்கவில்லை என்று கருதித் தேவையற்ற மருந்தையோ அறுவைச் சிகிச்சையையோ மருத்துவர் பரிந்துரைக்க நேரிடும். தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடுவதால் அழுத்தம் குறையாது. கிருமித் தொற்றுக்கே அது வழிவகுக்கும். சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தும்; அவற்றைத் தவிர்க்கவும்.

ஆராய்ச்சி நமக்குக் கற்பித்தவை

இன்று நாம் பெறும் சிகிச்சை ஒவ்வொன்றும், முன்பிருந்த நோயாளிகள் ஆராய்ச்சிக்குத் தந்த ஒத்துழைப்பால் கிடைத்ததாகும். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் கற்பித்தல் மருத்துவமனையாகவும், மண்டலக் கண் மருத்துவ நிலையமாகவும் விளங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் சிறு வட்டத் துளையிட்டுக் கண் நீரை வடியச் செய்யும் அறுவை முறையை 1909-இல் வெளியிட்டார். அம்முறை பல நாடுகளில் நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. நேராகத் துளையிட்டதால் சிலருக்கு அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தது. பிற்காலத்தில் கிருமித் தொற்றும் நேர்ந்தது. அக்குறையைக் களைய, துளையின்மேல் ஒரு மடிப்பை மூடியாக அமைக்கும் டிரபெக்குலெக்டமி முறையை 1968-இல் ஜான் கெய்ர்ன்ஸ் இங்கிலாந்திலிருந்து வெளியிட்டார்.

தென் மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. திறந்த கோண வகை கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். சென்னை நகரிலும் அதனையடுத்த கிராமங்களிலும் நடத்தப்பட்ட சென்னை குளுக்கோமா ஆய்விலும் இதே நிலை காணப்பட்டது. நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திருப்பதன் பொருள் என்ன என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

சுவீடனில் தொடக்கநிலை நோயாளிகள் 255 பேரிடம் நடத்தி, 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிகிச்சை பெறாதோரில் 62 விழுக்காட்டினருக்கும், பெற்றோரில் 45 விழுக்காட்டினருக்கும் சுமார் ஆறாண்டுகளில் நோய் நகர்ந்தது. இங்கே நகர்தல் என்பது நுண்ணிய சோதனையில் தென்பட்ட மாற்றமே. முழுப் பார்வையிழப்பு அன்று. அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் ஆபத்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. சிகிச்சை பலனளிக்கிறது என்பதற்கு இது சான்று. மாறாத ஒரே சிகிச்சையுடன் நின்றுவிட்டால் பலருக்கு அது போதாது, தொடர்ந்து கண்காணித்து மாற்றியமைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

இங்கிலாந்தில் 718 பேர் பங்கேற்று 2019-இல் வெளியான ஆய்வில், முதற்சிகிச்சையாக லேசர் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு மூன்றாண்டு முடிவில் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. நாள்தோறும் மருந்து விடவோ வாங்கவோ இயலாதவர்களுக்கு இது முக்கியமான செய்தி. உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். விலையுயர்ந்த வெளிநாட்டுக் குழாய்களுக்கு மாற்றாக, மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் குழாய்க் கருவியைத் தயாரித்து வழங்குகிறது.

உங்களிடமும் ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்கப்படலாம். கையெழுத்திடும் முன் ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். படிக்க இயலாதவருக்குச் சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். ஆய்வு, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். புதிய சிகிச்சைச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வீட்டாருடன் கலந்து பேச அவகாசம் கேட்பதும், மறுப்பதும், இடையில் விலகுவதும் உங்கள் உரிமை. இவற்றால் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை எவ்வகையிலும் குறையாது.

பயிற்சி மருத்துவர்கள் பரிசோதிப்பது ஏன்?

கற்பித்தல் மருத்துவமனையில் உங்களை முதலில் முதுநிலை மாணவர் பார்ப்பார். பின்பு உதவிப் பேராசிரியரோ பேராசிரியரோ பார்ப்பார். "ஒரே கண்ணை எத்தனை பேர் பார்ப்பது?" என்று சலிப்பு எழலாம். முதுநிலை மாணவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர், கண் மருத்துவத்தில் மூன்றாண்டு மேற்படிப்பு பயில்பவர். நரம்பின் குழிவை மதிப்பிடுவதும், வடிகோணத்தை அறிவதும் படத்தைப் பார்த்து மட்டும் கற்கக்கூடியவை அல்ல. ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்தே அந்தப் பார்வை கைகூடும். மூத்த மருத்துவர் தாம் கண்டதை மாணவர் எழுதியதோடு ஒப்பிடுவார்; ஒருவர் கவனிக்கத் தவறியது மற்றவர் கண்ணில் படுவதற்கு இதனால் வாய்ப்புண்டு.

அறுவைச் சிகிச்சைப் பயிற்சியும் படிப்படியாகவே நடைபெறுகிறது. ஆட்டுக் கண்ணிலும் செயற்கை மாதிரிகளிலும் பழகி, மூத்தோருக்கு உதவியாளராக நின்று, அதன் பின்னரே மூத்தோரின் நேரடி மேற்பார்வையில் சிறுசிறு பகுதிகளைச் செய்ய அனுமதிக்கப்படுவர். "எனக்கு யார் அறுவைச் சிகிச்சை செய்வார்?" என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். கற்பித்தலுக்காக மட்டும் செய்யப்படும் பரிசோதனையை மறுக்கவும் உங்களுக்கு உரிமையுண்டு. ஆயினும், இன்று உங்கள் கண்ணைப் பார்த்துக் கற்பவர் நாளை ஏதேனும் ஒரு வட்டார மருத்துவமனையில், நோய் இருப்பதே தெரியாமல் கண்ணாடிக்காக வருபவரிடம் அதைக் கண்டுபிடிப்பார். மேலே சொன்ன ஆய்வுகளில் கண்டறியப்படாமல் இருந்த பத்தில் ஒன்பது பேரை எட்டுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

முதியோர் பலருக்குக் கைநடுக்கத்தாலும் மூட்டுவலியாலும் புட்டியை அழுத்த இயலாது. சொட்டு கன்னத்தில் வழிந்துவிடும். "மருந்து விட்டீர்களா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் எவ்வாறு விடுகிறார்கள் என்பதை ஒருமுறை உடனிருந்து பாருங்கள். இரவு உணவு, விளக்கேற்றுதல், தொழுகை போன்ற அன்றாட நிகழ்வு ஒன்றோடு மருந்து நேரத்தை இணைத்துவிட்டால் மறதி குறையும். வெளியூருக்கும் திருமணத்துக்கும் செல்லும்போது மருந்துப் புட்டி கைப்பையில் இருக்க வேண்டும். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்த புட்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டுப் பார்வை குறைந்தவர் இருக்கும் வீட்டில் நடைபாதையில் முக்காலி, குடம், செருப்பு ஆகியவற்றை வைக்க வேண்டாம். படிக்கட்டின் விளிம்பில் வண்ணப் பட்டை தீட்டுங்கள். அவர் பொருளைத் தட்டிவிட்டால் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். அப்பொருள் அவர் கண்ணுக்குத் தென்பட்டிருக்காது.

பார்வைப் பரப்பு மிகவும் சுருங்கியவர்கள், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தாலும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு உரியவராக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்தால் குறைபார்வை என்றும், 10 பாகைக்குக் குறைந்தால் பார்வையின்மை என்றும் கொள்ளப்படும். இதுபற்றிக் கண் மருத்துவரிடம் கேட்டு, குறைபார்வை உதவிக் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் பரிந்துரை பெறுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

• கடும் கண்வலியுடன் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல்
• விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிதல்
• குளுக்கோமா அறுவைச் சிகிச்சை செய்த கண்ணில் சிவப்பு, வலி, பீளை, பார்வைக் குறைவு: அறுவைச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அன்றே வர வேண்டும்
• சொட்டு மருந்து தொடங்கிய பின் மூச்சுத்திணறல் அல்லது மயக்கம்
• குழந்தையின் கண் பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றுதல், வெளிச்சத்தைக் கண்டு கூசுதல்

இந்நோயுடன் வாழ்வோர் சொட்டு மருந்தைத் தவறாமல் இட்டு, குறித்த நாளில் பரிசோதனைக்கு வந்து, கோப்பைப் பாதுகாத்து வைத்தால், அவர்களில் பெரும்பாலானோர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் அளவுக்குப் பார்வையுடன் வாழ இயலும். அடுத்த பரிசோதனையில் "சென்ற முறை இருந்தபடியே இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், அது உங்கள் உழைப்பின் பலன் என்று அறியுங்கள். அன்றிரவும் மருந்தை விடுங்கள்.

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கு உரியது. உங்களுக்குரிய மருந்தையும் அளவையும் உங்களைப் பரிசோதித்த கண் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.